ஓரமும் நடுவும்

ஹார்ன்ப்ளோயர் என்னும் கடற்படை நாயகனைப் படைத்த சி.எஸ். ஃபாரஸ்டரை நம்மில் சிலர் இளமையில் வாசித்திருப்போம். வாசிக்காதவர்களும் 'ஆப்பிரிக்கன் குயீன்' திரைப்படம் வழியாக அவரை அறிந்திருக்கக்கூடும். அவருடைய மகன் ஜான் ஃபாரஸ்டர் (1929-2020) நினைவுகூரப்படுவது முற்றிலும் வேறொரு காரணத்துக்காக. சைக்கிள் ஓட்டுபவர் சாலையின் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்ற கேள்வியோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டியவர் அவர்.

லண்டனில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்கா சென்ற ஃபாரஸ்டர், 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோ நகரில் வசித்தார். அங்கே சில தெருக்களில் சைக்கிள்கள் நடைபாதையின் மீதுதான் செல்ல வேண்டும் என்று நகராட்சி விதி செய்தது. ஃபாரஸ்டர் சாலையிலேயே ஓட்டினார்; தண்டச் சீட்டு வந்தது; வழக்காடினார்; இறுதியில் விதி நீங்கியது. 1976இல் 'எஃபெக்டிவ் சைக்ளிங்' என்ற நூல் வந்தது. சைக்கிள் ஒரு வாகனம், அதை ஓட்டுபவர் ஓர் ஓட்டுநர், ஓட்டுநருக்குரிய இடத்தில் அவர் இருக்கட்டும் என்பதே அதன் சாரம்.

இந்தக் கருத்தின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1888ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் சைக்கிளை 'வண்டி' என்று அறிவித்துச் சாலையுரிமையை உறுதிசெய்தது. அதே சட்டம், வண்டிகளையும் குதிரைகளையும் முந்தும் முன் மணியோ விசிலோ ஒலித்து எச்சரிக்க வேண்டும் என்றும் சைக்கிள்காரருக்கு ஆணையிட்டது. அன்று முந்திச் செல்பவர் அவர்தாம், அஞ்சியவர்கள் மற்றவர்கள்! ஐம்பது ஆண்டுகளுக்குள் நிலைமை தலைகீழானது. 1934 டிசம்பரில் போக்குவரத்து அமைச்சர் ஹோர்-பெலிஷா லண்டனின் வெஸ்டர்ன் அவென்யூவில் சைக்கிளுக்கென்று தனிப்பாதையைத் திறந்துவைத்தபோது, சைக்கிள் சுற்றுலாக் கழகம் அதை எதிர்த்தது. பாதை அமைத்துக் கொடுத்தவர்கள் நாளை சாலையை மூடிவிடுவார்கள் என்பது அவர்களின் அச்சம்.

அந்த அச்சம் வீணானதல்ல. 2006இல் டெல்ஃபோர்டில் சாலையில் ஓட்டிச் சென்ற ஒருவருக்குப் போக்குவரத்தை மறித்ததாக நீதிமன்றம் அபராதம் விதித்தது. அருகிலிருந்த சைக்கிள் பாதையை அவர் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பது வாதம். 2007 ஜனவரியில் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது.

சாலையின் நடுவை நோக்கி வருவது பிடிவாதம் போலத் தோன்றலாம். ஆனால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஓரத்தை ஒட்டிச் செல்பவருக்குச் சாக்கடை மூடியும் உடைந்த கண்ணாடியும் திடீரெனத் திறக்கும் கார்க் கதவும் காத்திருக்கின்றன. அதைவிடப் பெரிய ஆபத்து, பின்னால் வருபவருக்கு அவர் ஒதுங்கி நிற்பது ஓர் அழைப்பாகிவிடுவது. தடத்தை மாற்றாமலே நுழைந்துவிடலாம் என்று அவர் நினைக்கிறார். ஒரு சாண் இடைவெளியில் உரசாத குறையாகக் கடந்துபோகிறார். தடத்தின் நடுவில் இருந்தாலோ, முந்துவதற்கு மறுதடத்துக்குப் போயே ஆக வேண்டும். ஜான் ஃபிராங்க்ளின் 1988இல் வெளியிட்ட 'சைக்கிள்கிராஃப்ட்' நூல் இதை 'முதன்மை நிலை' என்று பெயரிட்டுப் பாடமாக்கியது.

ஆனால் அளந்து பார்த்தபோது கதை சிக்கலாயிற்று. பாத் பல்கலைக்கழக உளவியலாளர் இயன் வாக்கர், தம் சைக்கிளில் ஒலியலைக் கருவியைப் பொருத்தி, தம்மை முந்திய 2,300க்கும் மேற்பட்ட வாகனங்களின் இடைவெளியைப் பதிவுசெய்தார். 2007இல் வந்த அவ்வாய்வின்படி, தலைக்கவசம் அணிந்தபோது சராசரியாக 8.5 சென்டிமீட்டர் நெருங்கி வந்தனர். நீளமான பொய்முடி அணிந்து பெண்போலத் தோன்றியபோது கூடுதலாக இடம் விட்டனர். (ஆய்வின்போது ஒரு பேருந்தும் ஒரு லாரியும் அவரை மோதின.) தலைக்கவசம் குறித்த முடிவைப் பின்னர் 2013இல் வேறு ஆய்வாளர்கள் மறுத்தனர். நமக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. ஓரத்திலிருந்து அவர் விலகி ஓட்ட ஓட்ட, கடந்தவர்கள் விட்ட இடைவெளி குறைந்தது. சாலை அகலமாகிவிடவில்லை அல்லவா? ஃபிராங்க்ளினின் அறிவுரை பொய் என்று இதனால் ஆகிவிடாது. தடத்தின் நடுவில் ஓட்டுவதும் ஓரத்திலிருந்து சற்றே தள்ளி ஓட்டுவதும் ஒன்றல்ல.

ஃபாரஸ்டரிடம் நாம் மாறுபடும் இடமும் உண்டு. அவர் தனிப்பாதைகளை இறுதிவரை வெறுத்தார். நெதர்லாந்திலோ, 1970களில் குழந்தைகளின் சாலை மரணங்களுக்கு எதிராகப் பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினர். பின்னர் தனிப்பாதைகள் நாடெங்கும் பரவின. மூதாட்டிகளும் பள்ளிச் சிறுவர்களும் அவற்றில் செல்கின்றனர். லாரிக்கு முன் நடுத்தடத்தைப் பிடிக்கும் நெஞ்சுரத்தை எட்டு வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்க்க முடியுமா? வலுவான, வேகமான, பெரும்பாலும் ஆணாக இருந்த ஒரு சைக்கிள்காரரை மனத்தில் வைத்தே ஃபாரஸ்டர் எழுதினார் என்று தோன்றுகிறது.

2016இல் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் காவல்துறை, சீருடையற்ற காவலர்களைச் சைக்கிளில் அனுப்பி, நெருங்கி முந்துபவர்களை நிறுத்தத் தொடங்கியது. 2022 ஜனவரி 29 முதல் பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிநூல் சைக்கிள்காரரை அமைதியான சாலைகளிலும் சந்திப்புகளை நெருங்கும்போதும் தடத்தின் நடுவில் செல்லச் சொல்கிறது. மற்ற வேளைகளில் ஓரத்திலிருந்து அரை மீட்டராவது விலகச் சொல்கிறது. 30 மைல் வேகம் வரை முந்துபவர் குறைந்தது 1.5 மீட்டர் விட வேண்டும். இது கட்டளையன்று, வழிகாட்டுதல்தான். மீறுவது தன்னளவில் குற்றமாகாது. ஆனால் வழக்கு வந்தால் நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டலாம்.