கெர்னலில் எந்த டிரைவருக்கு இடம்?

போன வாரம் என் பழைய கணினிக்காக லினக்ஸ் கெர்னலை நானே கம்பைல் செய்தேன். தேவையில்லாத டிரைவர்களை எல்லாம் நீக்கிவிட்ட பெருமையோடு ரீபூட் செய்தால், "கெர்னல் பேனிக்"! வன்தட்டின் டிரைவரைத் தனி மாட்யூலாகப் போட்டிருந்தேன். அந்த மாட்யூல் இருப்பதோ அதே வன்தட்டுக்குள். பெட்டியைப் பூட்டிச் சாவியை உள்ளேயே வைத்த கதைதான். பிறகுதான் இந்தத் தேர்வின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் இயங்குதளத்தைப் பற்றி அறிவித்தபோது, ஏ.டி. வகை வன்தட்டைத் தவிர வேறெதையும் அது அநேகமாக ஆதரிக்காது என்று எழுதினார். காரணம் எளிது, அவரிடம் இருந்தது அதுதான். செப்டம்பரில் வந்த 0.01 பதிப்பில் விசைப்பலகைகூட ஃபின்னிஷ்தான்! அவர் மேசையில் இருந்த 386 கணினிதான் முதல் பட்டியல்.

பிறகு பல நாட்டுக்காரர்களும் ஆளுக்கொரு டிரைவர் எழுதி அனுப்பினார்கள். கூடவே சிக்கலும் வந்தது. கெர்னலோடு சேர்த்துக் கட்டிய டிரைவர், அந்தக் கருவி உங்களிடம் இல்லாவிட்டாலும் ரேமில் இடம் பிடிக்கும். 4 எம்.பி. ரேம் சாதாரணமாக இருந்த காலம் அது. நிறுவும் கெர்னலோ ஒரு ஃபிளாப்பியில் அடங்கியாக வேண்டும். அதனால் 1993ல் தொடங்கிய ஸ்லாக்வேர், வெவ்வேறு டிரைவர்களுடன் பல பூட் ஃபிளாப்பிகளைத் தந்தது. உங்கள் கணினிக்கு எது பொருந்தும் என்பதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்கு விடையாக வந்தவைதான் மாட்யூல்கள். 1995ல் வெளியான 1.2 பதிப்பிலேயே அந்த வசதி இருந்தது. வேண்டும், வேண்டாம் என்ற இரண்டோடு, "தேவைப்படும்போது ஏற்றிக்கொள்" என்ற மூன்றாவது பதிலும் கிடைத்தது. வன்தட்டைத் திறக்கும் முன்பே தேவைப்படும் மாட்யூல்களை, பூட் லோடர் ரேமில் ஏற்றும் இனிட்ஆர்டி என்ற சிறு தொகுப்பில் வைத்தார்கள். நான் மறந்தது அதைத்தான்.

2009ல் வந்த 2.6.32 பதிப்பில் 'லோக்கல்மாட்கான்ஃபிக்' சேர்ந்தது. அந்த நேரத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்து அது பட்டியலைச் சுருக்கிவிடும். ஆனால் அன்று செருகாத பிரிண்டரின் டிரைவர் விடுபட்டுப் போகலாம்!

2012 டிசம்பரில் 386 பிராசசருக்கான ஆதரவே நீக்கப்பட்டது. அது டிரைவர் அல்லதான், ஆனாலும் கணக்கு ஒன்றே: பராமரிக்கும் உழைப்புக்கு ஏற்ற பயன் உண்டா? லினக்ஸ் பிறந்த கணினிக்கே லினக்ஸில் இடமில்லாமல் போனது.

டிஸ்ட்ரோக்களின் கெர்னல் ஏன் இவ்வளவு குண்டு என்று நானும் கிண்டல் செய்தவன்தான். எனக்கு வேண்டாத டிரைவர், எங்கோ ஒருவரின் ஒரே கணினியை ஓட்டிக்கொண்டிருக்கலாம் என்பது இப்போதுதான் உறைக்கிறது.