பெட்டிக்கு வெயில், நமக்குப் பேச்சு

சிவகாசியின் வரலாற்றை யார் எழுதினாலும் அது ஒரு கல்கத்தா பயணத்தில்தான் தொடங்கும். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அங்கே போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். மழை பொய்த்த கரிசல் மண்ணுக்கு அந்தத் தொழில் பிழைப்புத் தந்தது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்தத் தொழில் யார் வீட்டு நடையில் உட்கார்ந்து வளர்ந்தது, அங்கே உட்கார்ந்திருந்த பெண்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை நான் படித்த எந்த ஆண்டுமலரிலும் பார்த்ததில்லை. நான் எழுத நினைப்பது அந்தப் பேச்சைப் பற்றி.

பேச்சுக்கு முன் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கையால் செய்யும் தீப்பெட்டித் தொழிலுக்கு அரசு வரிச்சலுகை தந்தது. அதனால் இயந்திரம் செய்யக்கூடிய பல வேலைகள் நீண்ட காலம் பெண்கள், குழந்தைகளின் விரல்களிலேயே தங்கின. கட்டையில் குச்சி அடுக்குவதும் பெட்டியில் குச்சி அடைப்பதும் ஆலையில் நடந்தன. பெட்டி ஒட்டுவது வீட்டுக்கு வந்தது. மைதா மாவில் பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். கணக்கு குரோஸில். 144 பெட்டி ஒரு குரோஸ். குரோஸுக்கு இவ்வளவு என்று கூலி. ஒட்டிய பெட்டி காய வேண்டும். அதற்கு வெயில் வேண்டும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் சிவகாசி வாய்த்த இடமாக அமைந்ததற்கு இந்த வறண்ட வெயிலும் ஒரு காரணம்.

இதே வேலை லண்டனின் கிழக்குப் பகுதியிலும் நடந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே ஏழைப் பெண்கள் வீட்டிலிருந்து தீப்பெட்டி ஒட்டினார்கள். ஒரு குரோஸுக்கு இரண்டேகால் பென்னி. பசையும் நூலும் அவர்கள் செலவு. பெட்டி காய அடுப்பெரிக்கும் செலவும் அவர்களுடையதே. குளிர்நாட்டில் ஓர் ஏழை வீட்டில் எரியும் நெருப்பு குழந்தையைச் சூடாக வைப்பதற்கு என்றுதான் நினைப்போம். அங்கே நெருப்புக்கு எதிரே முதலிடம் பெட்டிக்கு. 1888 ஜூலையில் அதே பகுதியில் பிரையன்ட் அண்ட் மே ஆலையின் சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய நிலையை முன்னதாகப் பத்திரிகையில் எழுதி வெளிக்கொணர்ந்தவர் அன்னி பெசன்ட். பின்னாளில் அவர் சென்னை அடையாற்றில் வாழ்ந்து 1933இல் அங்கேயே இறந்தார். அதற்குள் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலுக்குச் சுமார் பத்து வயது ஆகியிருந்தது. பெசன்டின் வாழ்க்கையைப் படிக்கும் நம் மாணவியர் அந்த வேலைநிறுத்தத்தையும் சிவகாசியையும் சேர்த்துப் படிக்க வாய்ப்பே அமைவதில்லை.

நான் வளர்ந்த தெருவில் அடுப்பின் இடத்தில் வெயில் இருந்தது. வெயிலுக்குக் காசு இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயில் கிடைக்காது. அப்போது வீட்டில் ஒழுகாத மூலை பெட்டிக்குப் போகும். ஈரம் ஏறினால் பெட்டி நெளியும், நெளிந்த பெட்டியைக் கணக்கில் கழிப்பார்கள். நாங்கள் ஒழுகும் பக்கம் சாக்கை விரித்துப் படுப்போம். சிவகாசியில் குளிரா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஈரத் தரையில், பசை ஊறிய கையோடு, மழைக்கால விடியலில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தக் குளிர் தெரியும்.

அந்த நடையில்தான் பேச்சு நடந்தது. கைக்கு வேலை இருந்தது, வாய்க்கு விடுதலை இருந்தது. "மனசே சரியில்ல மதினி" என்று ஒருத்தி தொடங்குவாள். யாரும் உடனே காரணம் கேட்க மாட்டார்கள். சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் தட்டிப்போட்ட காப்பி வரும். பிள்ளை பெற்றவள் இருந்தால் காதைத் துணியால் கட்டு, தரையில் வெறுங்காலோடு நிற்காதே என்று நாலு பேர் சொல்வார்கள். சளி பிடித்த குழந்தைக்கு நொச்சி இலை ஆவி. இந்த யோசனைகளுக்கு நடுவே, பேச்சின் போக்கிலேயே, உண்மையான சேதி வெளியே வரும்: முன்பணம் வாங்கியிருக்கிறாள், கழிக்க முடியவில்லை. புருஷன் கூலியைக் குடித்துவிட்டான். மூத்தவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தச் சொல்கிறார்கள். கேட்டவள் "விடு தாயி" என்பாள். பிறகு தன் பங்கிலிருந்து அரை குரோஸ் ஒட்டி அவள் கணக்கில் சேர்ப்பாள்.

இந்தப் பெண்கள் "மனஅழுத்தம்" என்ற சொல்லைப் பயன்படுத்தியதில்லை. அவர்களிடம் இருந்தவை மனப்புழுக்கம், வயித்தெரிச்சல், நெஞ்சுக் கொதிப்பு. எல்லாமே சூட்டைச் சொல்பவை. ஆறுதலுக்கோ மனசு குளிர்ந்தது, வயிறு குளிர்ந்தது என்பார்கள். ஆங்கிலத்தில் கதகதப்பு என்பது அன்பின் சொல். நம் பக்கம் உடம்புக்குத்தான் கதகதப்பு வேண்டும், மனசுக்குக் குளிர்ச்சி. சாத்தூர் அருகே இருக்கன்குடி மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டு நடந்தே போகும் பெண்கள் கையில் வேப்பிலை இருக்கும், மஞ்சள் நீர் இருக்கும். நெருப்பைச் செய்து பிழைப்பவர்கள் சாமியிடம் கேட்டது குளிர்ச்சியை. இதை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்குவதைவிட, தங்கள் நிலையை அவர்கள் எவ்வளவு துல்லியமாகப் பெயரிட்டார்கள் என்று பார்ப்பது நமக்கு உதவும்.

பட்டாசு ஆலையில் இந்தப் பேச்சுக்கு இடம் சுருங்கியது. வெடிமருந்து விதிகள் ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்கின்றன. நைலான் துணி கூடாது, பருத்திதான் உடுத்த வேண்டும். உரசலில் பிறக்கும் மின்பொறி போதும். உயிரைக் காக்கும் விதிகள் இவை, வேண்டியவை. அவை மீறப்படும்போதுதான் சாவு வருகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இறந்தவர்களில் பெண்கள் பலர். ஒவ்வொரு முறையும் நிவாரணத் தொகை அறிவிக்கப்படுகிறது, விசாரணை தொடங்குகிறது. மறுவாரம் அதே வேலைக்குப் பேருந்து ஏறும் பெண் தன் பயத்தை எங்கே இறக்கிவைக்கிறாள் என்பதற்கு எந்த அறிக்கையிலும் பத்தி இல்லை. அந்தப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரிதான் அவளுக்கு மருத்துவர்.

குளிர்மாதம் இங்கே இன்னொரு வகையிலும் கடினமானது. தீபாவளி முடிந்ததும் பட்டாசு வேலை ஓயும். மழை, வேலையின்மை, கடன் மூன்றும் ஒன்றாக வரும் காலம் அது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசுக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது, பேரியம் உப்பைத் தடுத்தது. அதைத் தொடர்ந்து மாதக்கணக்கில் ஆலைகள் மூடிக்கிடந்தன. டெல்லியின் காற்றுக்காக எழுதப்பட்ட தீர்ப்பு அது. டெல்லிக் குழந்தைகளின் மூச்சும் எனக்கு முக்கியம். ஆனால் அந்த மார்கழியில் இங்கே பெண்கள் பேசிக்கொண்டது குழுக்கடன் தவணையைப் பற்றி. வாரத் தவணை நீதிமன்ற விடுமுறைக்கு நிற்பதில்லை.

வேலை இல்லாத வீட்டுக்குள் கருந்திரி நுழைகிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்துத் திரி செய்வது சட்டப்படி குற்றம். பிடிபட்டால் வழக்கு, பிடிபடாவிட்டால் ஒரே கூரையின் கீழ் அடுப்பும் திரியும். பசை காய்ச்சிய அதே நடையில் இப்போது வெடிமருந்து. இந்த வேலையில் பேச்சும் நின்றுவிடுகிறது. கதவைச் சாத்திக்கொண்டு செய்யும் வேலை இது, பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியக்கூடாது. ஒரு பெண்ணின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் உரிமத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கேட்க யாருமில்லாமல் அவள் தனியாகிவிடுவதையும் நான் ஆபத்தின் கணக்கில் சேர்க்கிறேன்.

நடைப்பேச்சைப் புனிதமாக்கும் எண்ணம் எனக்கு இல்லை. அங்கே சாதி இருந்தது, புறம்பேச்சு இருந்தது. பொறுத்துப் போ என்ற அறிவுரைதான் அதிகம். பள்ளியை விட்டு நின்ற பெண்பிள்ளைகளுக்காக அழுதவர்களே அவர்களைக் கட்டை அடுக்க அனுப்பவும் செய்தார்கள். குழந்தையை வேலைக்கு வைத்தால் முதலாளி குழந்தைக்கு 20,000 ரூபாய் நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் சிவகாசி வழக்கில் சொன்னது. அந்தப் பிள்ளைகளைக் காக்க நடைப்பேச்சு போதவில்லை, நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. பேச்சு பாரத்தைப் பகிர்ந்தது, கூலியை உயர்த்தவில்லை.

2021 டிசம்பர் 1 முதல் தீப்பெட்டி விலை 1 ரூபாயிலிருந்து 2 ரூபாய் ஆனது நாடெங்கும் செய்தி. அட்டைப்பெட்டியும் இயந்திரமும் வந்தபின் பெட்டி ஒட்டும் கூலி என்ன ஆனது, அந்தப் பெண்கள் எந்த வேலைக்குப் போனார்கள் என்பது அந்த அளவுக்குச் செய்தியாகவில்லை. ஒட்டிய தலைமுறை இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. இதைப் படிக்கும் மாணவியரில் விருதுநகர் பக்கத்துப் பெண்கள் நிச்சயம் இருப்பீர்கள். உங்கள் ஆச்சியிடம் எந்த வருஷம் குரோஸுக்கு என்ன கூலி என்று கேட்டு எழுதிவையுங்கள். அதோடு, மழைக்காலத்தில் பெட்டியை எங்கே வைத்தார்கள், பிள்ளைகள் எங்கே படுத்தார்கள், அன்றைக்கு யாரிடம் என்ன பேசினார்கள் என்றும் கேளுங்கள்.