தலைமை ட்ரூயிடும் தோட்டத்துப் பூசாரியும்: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை முன்வைத்துச் சமய மீட்பு பற்றிய ஓர் ஆய்வு

பிரான்சின் மேற்கு முனையிலுள்ள பிரிட்டனியில், கவிஞரும் இதழாளருமான தால்திர் ஜாஃப்ரென்னு 1933இல் பண்டைய கெல்டியப் பூசாரிகளின் பெயரைத் தாங்கிய தலைமை ட்ரூயிடாகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டு மலாயாவின் கேமரன் மலையில் பாரத் தேயிலை நிறுவனம் தொடங்கப்பட்டது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாகவே, 1929இல், ஜே. ஏ. ரசல் அங்கே போ தோட்டத்தைத் திறந்திருந்தார். இந்நிகழ்ச்சிகளுக்கிடையே நேரடித் தொடர்பு கிடையாது. ஆயினும், மூதாதையர் சமயத்தைக் காப்பவர் நூல் எழுதுபவரா, சடங்கைச் செய்பவரா என்ற கேள்விக்கு இரண்டு நிலப்பகுதிகளும் அக்காலத்தில் எதிரெதிரான விடைகளைத் தந்துகொண்டிருந்தன. அதனால் அவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பதில் பயன் உண்டு.

இக்கட்டுரையின் வாதம் இது: எழுத்தாளர் ஒருவர் சமயத் தலைமைக்கு வர வேண்டுமானால், அந்தச் சமயத்தின் வழக்காறு முன்பே அறுந்திருக்க வேண்டும். பிரிட்டனியில் அது அறுந்திருந்தது. கேமரன் மலைத் தோட்டங்களில் அறவில்லை. ஆகவே தோட்டத்தில் மீட்பாளருக்கு வேலை இருக்கவில்லை. திருத்துவோர் வந்தார்கள், ஓரளவு திருத்தவும் செய்தார்கள். சாமியைக் காத்தவர் பேனா பிடிக்காத பூசாரிதான்.

1. நூலிலிருந்து பிறந்த சடங்கு

பண்டைய ட்ரூயிடுகள் தங்கள் போதனையை எழுதிவைக்கவில்லை. அவர்களைப் பற்றி நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஜூலியஸ் சீசர் போன்ற அயலார் எழுதிய குறிப்புகளே. இந்த வெற்றிடத்தில்தான் நவீன ட்ரூயிட் இயக்கம் எழுந்தது. வேல்ஸ் நாட்டுக் கவிஞர் யோலோ மோர்கானுக் 1792இல் லண்டனின் பிரிம்ரோஸ் குன்றில் கற்களை வட்டமாக அடுக்கிக் கவிஞர் அவையொன்றைக் கூட்டினார். ‘கோர்செத்’ எனப்படும் அவ்வவைக்குச் சான்றாக அவர் காட்டிய பழைய ஏடுகளில் பல அவரே புனைந்தவை என்று பிற்கால ஆய்வு நிறுவிவிட்டது. எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983இல் வெளியிட்ட மரபுப் புனைவு பற்றிய தொகுப்பில் ப்ரிஸ் மோர்கன் இதை விரிவாக எழுதியுள்ளார்.

பிரிட்டனி அந்த அவையை வேல்ஸிடமிருந்து பெற்றுக்கொண்டது. 1899இல் கார்டிஃப் நகரத்தில் நடந்த வேல்ஸ் கலைவிழாவுக்குச் சென்ற பிரெத்தோன் (பிரிட்டனி மக்கள்) குழு அங்கே பாணர் பட்டம் பெற்றுத் திரும்பியது. அடுத்த ஆண்டே கெங்காம் நகரில் பிரிட்டனியின் கோர்செத் உருவாயிற்று. அதன் முதல் மூன்று தலைவர்களான லெ ஃபுஸ்தெக், ஈவ் பெர்த்து, தால்திர் மூவருமே எழுத்தாளர்கள்.

தால்திரின் வாழ்க்கையைச் சற்று நின்று பார்க்கலாம். 1879இல் பிறந்த அவர் கார்டிஃப் சென்றபோது இருபது வயது இளைஞர். வேல்ஸ் நாட்டுப் பண்ணின் மெட்டில் அவர் எழுதிய பாடலே பின்னர் பிரெத்தோன் மக்களின் தேசியப் பாடலாயிற்று. 1904 முதல் 1914 வரை கரே நகரிலிருந்து ‘ஆர் போப்ல்’ என்ற இதழை நடத்தினார். மதுபான வணிகமும் செய்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, ஜெர்மானியருக்கு உடந்தையாக இருந்தார் என்ற குற்றச்சாட்டில் சிறைத்தண்டனை பெற்றார். தண்டனைக் காலம் முடியுமுன் விடுவிக்கப்பட்டார். 1956இல் காலமானார். கவிஞர், இதழாசிரியர், அரசியலாளர், சடங்குத் தலைவர் என நான்கு பாத்திரங்களும் ஒரே ஆளிடம் குவிந்திருந்தன.

இக்குவிப்புக்குக் காரணம் பிரெத்தோன் மொழியின் நிலை. பிரெஞ்சு அரசுப் பள்ளிகளில் அம்மொழிக்கு இடமில்லை; வகுப்பில் அதைப் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். ஆண்டுக்கொரு முறை கல்வட்டத்தில் நடந்த விழாவே அம்மொழி தலைநிமிர்ந்து ஒலித்த பொதுமேடைகளில் ஒன்று. உறுப்பினர் பலரும் கத்தோலிக்கர்களாகவே இருந்தார்கள். ஆகவே தொடக்கத்தில் சமயத்தைவிட மொழியே விழாவின் உயிராக இருந்தது. 1981 முதல் 2008 வரை தலைமை வகித்த மருத்துவரும் எழுத்தாளருமான குவென்க்லான் லெ ஸ்குவேசெக்தான் கோர்செத்தைத் திருச்சபையிலிருந்து விலகிய தனி ஆன்மிக நெறியாக்க முயன்றார். அதாவது, முதலில் நூல், அதிலிருந்து சடங்கு, அதிலிருந்து நம்பிக்கை என்ற வரிசையில் பிரிட்டனியின் மீட்பு நடந்தது.

2. மறைமலையடிகள்: ஒப்புமை எங்கே நிற்கிறது

தமிழில் இவர்களுக்கு இணையாக எவரைச் சொல்லலாம் என்று கேட்டால், முதலில் நினைவுக்கு வருபவர் மறைமலையடிகள் (1876–1950). நாகப்பட்டினத்தில் வேதாசலமாகப் பிறந்தவர். 1898 முதல் 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர். 1905இல் சைவ சித்தாந்த மகா சமாசம் உருவாக முன்னின்றவர். 1911இல் துறவு பூண்டு பல்லாவரத்தில் குடியேறி ஒரு சன்மார்க்க நிலையத்தை நிறுவினார். 1916இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியதும் தம் பெயரையும் தாம் நடத்திய இதழின் பெயரையும் நிலையத்தின் பெயரையும் தமிழாக்கினார். இலங்கைக்குச் சென்று சொற்பொழிவாற்றி அங்கும் அன்பர்களைத் திரட்டினார்.

புதுப்பெயர், சொந்த இதழ், சொந்தச் சங்கம், தனி உடை, பண்டைய நூல்களில் தேடிய தூய சமயம் ஆகிய அனைத்தும் பிரெத்தோன் தலைவர்களிடமும் காணப்படுபவை. ஆனால் ஒப்புமை இதற்கு மேல் நகராது. தால்திர் தேடிய சமயத்தைக் கடைப்பிடிப்போர் பிரிட்டனியில் எவரும் மிஞ்சியிருக்கவில்லை. அடிகள் தேடிய தமிழர் சமயமோ அவர் வீட்டு வாசலுக்கு வெளியே கோடிக்கணக்கானோரால் கும்பிடப்பட்டுக்கொண்டிருந்தது. அதில் பெரும்பகுதியை அவர் ஏற்கவில்லை. மாரியம்மனுக்கும் மதுரை வீரனுக்கும் ஆடு கோழி பலியிடுவதைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். 1923இல் வெளியான ‘வேளாளர் நாகரிகம்’ நூலில் புலால் மறுத்தலைத் தமிழரின் உயர்நாகரிகத்துக்கே அடையாளமாக்கினார். அவருடைய நவசைவத்தில் சாதியும் தேசியமும் பின்னிக்கிடக்கும் விதத்தை ரவீந்திரன் வைத்தீஸ் 2015இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்துள்ளார்.

ஆக, அடிகளிடம் நூல் இருந்தது, கொள்கை இருந்தது. மக்கள் சடங்கு மட்டும் வெளியே நிறுத்தப்பட்டது. தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்ததோ அவர் வெளியே நிறுத்திய அந்தச் சடங்குதான்.

3. கேமரன் மலையில் வந்திறங்கிய சாமிகள்

1885இல் வில்லியம் கேமரன் அளவைக்காக வந்து கண்ட அந்த மேட்டுநிலத்தில் பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி மக்கள் வாழ்ந்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது பெரிதும் காடாகவே இருந்தது. ரசலும் இலங்கையில் தேயிலை பழகிய ஏ. பி. மில்னும் சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கிய பிறகே தமிழ்த் தொழிலாளர் திரளாக மலையேறினார்கள். 1938இல் இந்திய அரசு தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தியதோடு, கங்காணி வழியே ஆள் சேர்க்கும் முறை முடிவுக்கு வந்தது. ஆகவே இம்மலைத் தோட்டங்களின் முதல் தலைமுறை ஏறத்தாழ பத்தாண்டுகளுக்குள் அமைந்துவிட்டது.

கங்காணி தன் ஊரிலும் அக்கம்பக்கத்திலும்தான் ஆள் கட்டினார். உறவும் சாதியும் குலதெய்வமும் ஒன்றாகவே பயணம் செய்தன. தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குச் சற்றுத் தள்ளி, பெரும்பாலும் ஒரு பெருமரத்தடியில், கல் நட்டார்கள். பக்கத்தில் சூலம் ஊன்றினார்கள். சூலத்தின் முனையில் எலுமிச்சம்பழம், தண்டில் சிவப்புத் துணி. முனியாண்டிக்குச் சுருட்டும் சாராயமும், வேண்டுதல் பலித்தால் சேவல். விடியலில் பெரட்டுக்கு (ஆள்கணக்கெடுப்புக்கு) நின்று, பகலெல்லாம் காட்டில் கொழுந்தெடுப்போரோடு வேலை செய்தவரே வெள்ளிக்கிழமை மாலை குளித்துவிட்டுத் திருநீறு பூசி மணியாட்டினார். திருவிழா வந்தால் காப்புக் கட்டி விரதமிருந்து, கரகம் எடுத்து, அருள்வந்து குறி சொன்னவரும் அவரேதான். ஒரு நாள் உபயம் தொழிற்சாலைக்காரர்களுடையது, ஒரு நாள் கணக்கர்களான கிராணிமாருடையது என்று செலவு பங்கிடப்பட்டது. கோயிலுள்ள தோட்டத்தில் ஆள் நிலைக்கும் என்று கணக்குப் போட்ட துரைமாரும் நிலமும் தகரமும் விடுமுறையும் தந்தார்கள்.

கல், மரம், அருள்வாக்கு ஆகியவற்றைக் கொண்டுதான் ஐரோப்பியக் கற்பனை ட்ரூயிடை வரைந்தது. அந்த வகையில், ட்ரூயிடுக்கு உண்மையில் நெருங்கியவர் தோட்டத்துப் பூசாரியே. அவர் எதையும் மீட்கவில்லை. தகப்பனிடமோ மாமனிடமோ பார்த்துப் பழகியதைச் செய்தார்.

மொழியும் அங்கே அறுந்திருக்கவில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்று மலாய்க் கூட்டரசின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்பள்ளிகளின் தரம் தாழ்ந்திருந்தது உண்மை. பிள்ளைகள் தோட்டத்தைத் தாண்டாதிருக்க அவை உதவியதும் உண்மை. ஆனாலும் பாடம் தமிழில் நடந்தது. போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி தோட்டங்களின் பெயரிலேயே தமிழ்ப்பள்ளிகள் இன்றும் இருக்கின்றன. மொழியைக் காக்கச் சடங்கொன்றை உருவாக்க வேண்டிய நெருக்கடி இங்கே எழவில்லை.

4. எழுத்தாளர் எடுத்துக்கொண்டதும் விட்டுவிட்டதும்

மலாயாவின் தமிழ் எழுத்தாளர்கள் இந்தத் தோட்டச் சமயத்தைக் கண்டுகொள்ளாமல் இருந்தார்களா? இல்லை. போ தோட்டம் திறந்த 1929ஆம் ஆண்டின் டிசம்பரில்தான் பெரியார் மலாயாவுக்கு வந்தார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது, 1935இல் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். தீமிதி, காவடி, பலி, கள் ஆகிய அனைத்தும் இச்சீர்திருத்தக்காரர்களுடைய கண்டனத்துக்கு உள்ளாயின.

1952இல் சாரங்கபாணி பொங்கலையொட்டித் தமிழர் திருநாளை முன்னெடுத்தார். ஆண்டுதோறும் கூடுதல், மொழியைப் போற்றுதல், கவிதை, நாடகம், சாதி கடந்த ஓர் இன உணர்வு என்று பார்த்தால் கோர்செத்துக்கு நம்மிடையே நேரான இணை இத்திருநாள்தான். ஒரு வேறுபாடு உண்டு. பிரெத்தோன் எழுத்தாளர் விழாவோடு, காலப்போக்கில் தெய்வத்தையும் வரவழைத்தார். தமிழ் எழுத்தாளர் விழாவை வைத்துக்கொண்டு, தெய்வத்தைப் பூசாரியிடமே விட்டுவிட்டார். தால்திர் ஒருவரிடம் குவிந்திருந்த பாத்திரங்கள் தமிழரிடையே அடிகள், சாரங்கபாணி, பெயர் தெரியாத பூசாரி என்று பிரிந்து கிடந்தன.

பின்னாளில் பூசாரியின் இடம் சுருங்கியது. ஆனால் அதைச் சுருக்கியவர் எழுத்தாளர் அல்லர்; கோயில் நிர்வாகக் குழுக்களும் ஆகமக் குருக்களுமே. மலேசிய இந்து சங்கம் 1965இல் அமைந்தது. தோட்டக் கோயில்கள் பலவற்றில் பதிவு பெற்ற நிர்வாகக் குழு, ஆகம முறைக் குடமுழுக்கு, வெளியிலிருந்து வந்த குருக்கள் என்ற வரிசையில் மாற்றம் நிகழ்ந்தது. முனியாண்டி முனீஸ்வரர் ஆனார்; சேவலின் இடத்தில் பூசணிக்காய் வந்தது. சிங்கப்பூர் முனீஸ்வரர் வழிபாட்டைப் பற்றி வினீதா சின்ஹா 2005இல் வெளியிட்ட நூல் இதே போக்கைக் காட்டுகிறது. கூடவே, பழைய முறையை வேண்டுமென்றே விடாமல் பிடித்திருக்கும் பக்தர்களையும் அது காட்டுகிறது. உயிர்ப்பலி வேண்டாம் என்ற அடிகளின் கோரிக்கை இவ்வாறு பாதி நிறைவேறிற்று. ஆனால் அவர் எதிர்த்த வடமொழி மந்திரத்தின் வழியாக அது நிறைவேறியதுதான் முரண்.

5. ஒரு மறுப்பும் விடையும்

தோட்டத்துக் கோயிலும் புதிய ஆக்கம்தானே, அதைத் தொன்மையான வழக்காறு என்று சொல்வது இன்னொரு கற்பனை இல்லையா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பல ஊர் மக்கள் ஒரே லயத்தில் கலந்ததால் சாமிகளும் கலந்தன; ஊரில் எல்லையிலிருந்த தெய்வம் இங்கே நடுவுக்கு வந்தது; துரையின் அனுமதி புதிய நிபந்தனையாயிற்று. தோட்டத்தை வேலைத்தலமாக மட்டும் பாராமல் ஒரு சமூகமாகவே ஆராய்ந்த ரவீந்திர ஜெயினின் 1970ஆம் ஆண்டு நூலும், தோட்டங்கள் அழிக்கப்பட்டபோது கோயில்களைச் சுற்றி எழுந்த போராட்டங்களை எழுதிய ஆண்ட்ரூ வில்ஃபோர்டின் 2014ஆம் ஆண்டு நூலும் இந்த அசைவைத்தான் பதிவு செய்கின்றன. பழமையின் அளவைக் கொண்டு இரண்டையும் வேறுபடுத்த இயலாது. எது எதற்கு முன் வந்தது என்பதைக் கொண்டே வேறுபடுத்த வேண்டும். கல்வட்டத்தில் நூல் முந்தியது. சூலத்தடியில் செய்கை முந்தியது, நூல் வரவேயில்லை.

நூல் வராததன் விளைவு வரலாற்றில் தெரிகிறது. தால்திர் எந்த ஆண்டு எந்தப் பட்டம் பெற்றார் என்று நம்மால் சொல்ல முடிகிறது. அடிகள் பெயரை மாற்றிய சூழலை விவாதிக்க முடிகிறது. கேமரன் மலையில் முதல் சூலத்தை நட்டவர் யார் என்று எந்த நூலும் சொல்வதில்லை. தமிழ்ச் சமய மறுமலர்ச்சியின் வரலாறு எழுத்தாளர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருப்பது ஆய்வின் குறை. அதைச் சமயத்தின் இயல்பாகக் கருதிவிடக் கூடாது.

இன்று அம்மலைத் தோட்டங்களில் கொழுந்தெடுப்போர் பெரும்பாலும் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். தமிழ்க் குடும்பங்கள் பலவும் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. திருவிழா அழைப்பிதழ்கள், உபயப் பட்டியல்கள், கோயில் கணக்குப் புத்தகங்கள், முதிய பூசாரிகளின் வாய்மொழி ஆகியவற்றை இப்போது திரட்டாவிட்டால், பின்னர் திரட்ட எதுவும் மிஞ்சாது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையும் மலேசியத் தமிழ் ஆய்வாளர்களும் இப்பணியைத் தோட்டவாரியாகப் பங்கிட்டுக்கொண்டு உடனே தொடங்க வேண்டும்.