ஏரிச் சேறு சொன்ன காட்டு வரலாறு

அரசர்களின் வரலாற்றை அறிவதற்குக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் நமக்கு உதவுகின்றன. காட்டின் வரலாற்றை எழுதி வைத்தவர் யார்? மரம் மடிந்து மண்ணாகின்றது. அம்மண்ணை உண்டே அடுத்த மரம் வளர்கின்றது. ஆயினும், காடு தன் வரலாற்றைத் தானே எழுதித்தான் வைத்திருக்கின்றது. ஏரிகளின் அடியில் கிடக்கும் கருஞ்சேறே அந்த ஏடு. அதனைப் படித்தறிவதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட பால் கோலின்வோ என்னும் விஞ்ஞானியைப் பற்றியும், அமேசான் காட்டைக் குறித்து எழுந்த ஒரு பெருவழக்கைப் பற்றியும் இன்று சில சொல்ல விரும்புகின்றேன்.

ஏறக்குறைய 21,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகம் தன் உச்சநிலையில் இருந்தது. ஐரோப்பாவின் வடபகுதியும் வட அமெரிக்காவின் வடபகுதியும் பெரும் பனிப்பாளங்களின் கீழ் அழுந்திக் கிடந்தன. கடல் மட்டம் இன்றுள்ளதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அக்காலத்தில் பூமத்தியரேகையை ஒட்டிய காடுகளில் என்ன நிகழ்ந்தது? ஒன்றும் நிகழவில்லை என்றே நெடுங்காலம் பலர் எண்ணினர். வெப்பமும் மழையும் மாறாத இடம். ஆகவே காடும் மாறாத காடு என்பது அவர்கள் கருத்து. ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில் நானும் அவ்வாறே மாணவர்களுக்குச் சொன்னதுண்டு.

இக்கருத்தை அசைத்தவர் யூர்கன் ஹாஃபர் என்னும் ஜெர்மானியர். எண்ணெய் வளம் தேடும் நிலவியலாளர் அவர். பறவைகளிடத்துத் தீராத ஆர்வம் உடையவர். அமேசான் பகுதியில் நெருங்கிய உறவுடைய பறவையினங்கள் ஒன்றன் எல்லையில் மற்றொன்று தொடங்குமாறு வாழ்வதை அவர் கண்டார். இடையே மலை இல்லை, பாலை இல்லை; பின் இவை பிரிந்தது எங்ஙனம்? 1969-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு விடை கூறிற்று. பனியுகத்தில் மழை குறைந்தது. காடு துண்டு துண்டாகச் சிதறிற்று. இடையில் புல்வெளி பரவிற்று. எஞ்சிய காட்டுத் திட்டுகளே பறவைகளுக்குப் புகலிடமாயின. தனித்தனியே ஒதுங்கிய கூட்டங்கள் காலப்போக்கில் வெவ்வேறு இனங்களாயின. மழை மீண்டபின் திட்டுகள் வளர்ந்து ஒன்றாயின. இதற்குப் புகலிடக் கொள்கை என்று பெயர்.

எத்துணை அழகிய கொள்கை! பல்லியினங்களை ஆராய்ந்த பிரேசில் நாட்டு அறிஞர் வான்சொலினியும் இதனை ஒத்த முடிவுக்கே வந்தார். (அவர் அந்நாட்டில் புகழ்பெற்ற பாடலாசிரியருமாவார் என்பது ஒரு சுவையான செய்தி.) வண்ணத்துப்பூச்சி ஆராய்ச்சியாளரும் தாவரவியலாரும் பின்தொடர்ந்தனர். புகலிடங்கள் வரைபடங்களில் ஏறின; பாடப்புத்தகங்களிலும் இடம்பெற்றன. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. இன்று பறவை எங்கே வாழ்கின்றது என்பதைக்கொண்டு அன்று காடு எங்கே நின்றது என்று சொல்லப்பட்டதே தவிர, அன்றைய காட்டை நேரே கண்ட சான்று மிக அரிதாகவே இருந்தது.

அச்சான்றைத் தேடிப் புறப்பட்டவரே கோலின்வோ. 1930-இல் பிறந்த ஆங்கிலேயர். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். முதலில் அலாஸ்காவின் பனிநிலத்தில் ஏரிச் சேற்றைத் தோண்டிப் பழகியவர், 1966-இல் காலபாகஸ் தீவுகளுக்குச் சென்றார். அங்குள்ள எல் ஹூங்கோ ஏரி, பனியுகத்தின் உச்சத்தில் நீரின்றி வறண்டு கிடந்தது என்று அவர் ஆராய்ச்சி காட்டிற்று. பனியுகத்தில் வெப்பநாடுகள் வறண்டன என்போருக்கு இது துணையாயிற்று. பின்னாளில் அவர்களையே எதிர்த்து வழக்காடியவரின் கைப்பட வந்த சான்று இது!

சேற்றை எவ்வாறு படிப்பது? பூக்கள் சொரியும் மகரந்தத் தூளின் மேலுறை மிக உறுதியானது. காற்றுப் புகாத ஏரியடியில் பல்லாயிரம் ஆண்டுகள் கெடாமல் கிடக்கும். கடும் அமிலங்களால் மணலையும் பிற பொருள்களையும் கரைத்துவிட்டாலும் மகரந்தம் எஞ்சும். அதனை நுண்ணோக்கியில் வைத்து, எம்மரத்துக்கு உரியது என்று வடிவத்தால் அறிந்து ஒவ்வொன்றாக எண்ணவேண்டும். 1916-இல் சுவீடன் நாட்டு வான் போஸ்ட் இம்முறைக்கு வழிவகுத்தார். சேற்றின் வயதைக் கதிரியக்கக் கரிமம் சொல்லும். ஐரோப்பாவின் மரங்களுட் பல, மகரந்தத்தைக் காற்றில் தூவுவன. வெப்பமண்டல மரங்களோ பெரும்பாலும் பூச்சிகளையே நம்பியவை. ஆகவே இம்முறை அங்குப் பலிக்காது என்று ஐயுற்றோர் பலர். மார்க் புஷ் முதலிய அவருடைய துணைவர்கள் காட்டினுள் மகரந்தப் பொறிகளை வைத்துச் சோதித்து, ஏரிச் சேறு காட்டை நன்றாகவே காட்டிக்கொடுக்கும் என்று நிறுவினர்.

இதனினும் பெரிய இடர் ஏரி கிடைப்பது. அமேசான் சமவெளியில் ஏரிகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றுள் மிகப்பல ஆறு வழிமாறியபோது விட்டுச் சென்றவை, வயதில் இளையவை. வெள்ளம் கொணரும் வண்டலும் மகரந்தமும் எங்கிருந்து வந்தன என்று சொல்லவும் இயலாது. ஆறு புகாத, மழைநீர் ஒன்றையே நம்பிய பழைய ஏரி வேண்டும். பல ஆண்டுத் தேடலுக்குப்பின் அத்தகைய ஏரி ஒன்று அகப்பட்டது. பிரேசிலின் வடமேற்கே, ரியோ நீக்ரோ ஆற்றின் மேற்பகுதியில், காடு சூழ்ந்த 'ஆறு ஏரிகள் குன்று' உள்ளது. அதன் மேல், கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் கிடப்பது பாட்டா ஏரி.

அங்கு எடுத்த சேறு 40,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாற்றைக் கொண்டிருந்தது. கோலின்வோவும் டி ஒலிவேரா, புஷ் முதலிய துணைவர்களும் அதன் முடிவுகளை 1996-இல் வெளியிட்டனர். பனியுக அடுக்குகளில் புல்லின் மகரந்தம் பெருகியிருக்கும் என்று எதிர்பார்த்தோர் ஏமாந்தனர். அடிமுதல் மேல்வரை எங்கும் மரங்களின் மகரந்தமே! காடு சிதறவில்லை. ஆனால் அது இன்றைய காடும் அன்று. போடோகார்ப்பஸ் என்னும் ஊசியிலை இனமும், குளிர்ந்த மலைகளுக்கே உரிய வேறு சில மரங்களும் தாழ்நில மரங்களோடு கலந்து நின்றிருந்தன. இக்குடும்பத்து மரம் ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிச் சோலைகளிலும் உண்டு. மலைமரம் கீழிறங்கி வந்ததென்றால் தாழ்நிலம் குளிர்ந்தது என்றே பொருள். அக்குளிர்ச்சி 5 முதல் 6 டிகிரி சென்டிகிரேடு அளவினது என்று அவர்கள் கணித்தனர். இதற்கு முன்னரே, 1985-இல், ஈக்குவடார் நாட்டின் மேரா என்னும் இடத்தில் புதைந்திருந்த மரத்துண்டுகளையும் மகரந்தத்தையும் ஆய்ந்து, கோலின்வோவும் லியூ என்பவரும் இத்தகைய குளிர்ச்சியைச் சுட்டியிருந்தனர். ஆக, மாறாத காடு என்பதும் தவறு. சிதறிய காடு என்பதும், மேற்கு அமேசானைப் பொறுத்தவரை, சேற்றுக்கு ஒவ்வாத கதை.

புகலிட வரைபடங்களின் மீது வேறொரு திசையிலிருந்தும் அடி விழுந்தது. தாவரங்களின் சிறப்பு மையங்கள் என்று குறிக்கப்பட்ட இடங்கள், சேகரிப்போர் மிகுதியாகச் சென்றுவந்த இடங்களோடு ஒத்திருப்பதை நெல்சன் முதலியோர் 1990-இல் எடுத்துக்காட்டினர். தாம் நடந்த தெருவில் மட்டும் வீடுகளை எண்ணிவிட்டு, ஊரில் இத்தெருவிலேதான் மக்கள் மிகுதி என்று கணக்கெழுதியது போலாயிற்று அது.

வழக்கு இத்துடன் முடிந்துவிடவில்லை. பாட்டா ஏரியின் சேற்றில் பனியுக உச்சத்துக்குரிய பகுதி தொடர்ச்சியாக இல்லை என்று சிலர் மறுத்தனர். தென்கிழக்கே கராஜாஸ் மேட்டுநிலத்து ஏரியொன்று வறட்சியையும் புல்வெளியையும் காட்டுவதாக 1991-இல் வெளியான ஆராய்ச்சியை எடுத்துக்காட்டினர். ஓர் ஏரியைக்கொண்டு கண்டம் போன்ற காடு முழுவதற்கும் தீர்ப்புச் சொல்லலாமா என்னும் கேள்வி நியாயமானதே. கோலின்வோ தம் பேச்சில் காரம் மிக்கவர். எதிர்தரப்பை எளிதில் விட்டுக்கொடுப்பவர் அல்லர். அந்தக் காரம் சில வேளைகளில் சான்றை மிஞ்சிற்று என்பது என் எண்ணம். தம் தேடலின் கதையை 2007-இல் நூலாக எழுதி வெளியிட்டார்.

அவர் 2016-இல் காலமானார். அடுத்த ஆண்டு, கிழக்கு அமேசானின் பரைசோ குகையில் சுண்ணக் கற்றூண்களை ஆராய்ந்தவர்கள் ஒரு முடிவை வெளியிட்டனர். பனியுக உச்சத்தில் அப்பகுதியின் மழை, இன்றைய மழையில் ஏறத்தாழ 58 விழுக்காடே இருந்ததாம். அத்துணை மழைக்குறைவிலும் காடு அழியாது நின்றது என்பதே அவர்கள் கண்டது. ஹாஃபர் சொன்ன வறட்சியும் இருந்தது. கோலின்வோ சொன்ன காடும் இருந்தது.