கல்கத்தாவுக்கு அக்கரையில்

செராம்பூர் என்றதும் வில்லியம் கேரி நினைவுக்கு வருவார். செருப்புத் தைத்துப் பிழைத்த ஆங்கிலேயர் ஒருவர் ஹூக்ளி நதிக்கரையில் அமைதியான ஊர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அச்சகம் வைத்து, 1818-இல் கல்லூரியும் தொடங்கினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், அந்த ஊர் அவர் விரும்பித் தேடியது அல்ல. 1799 அக்டோபரில் வந்திறங்கிய மார்ஷ்மன், வார்ட் முதலான மிஷனரிகளைத் தன் எல்லைக்குள் குடியேற விடக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மனமில்லை. செராம்பூரோ 1755 முதல் டென்மார்க்கின் ஊர். நம் தரங்கம்பாடியில் பறந்த அதே கொடி அங்கும் பறந்தது. ஆளுநர் ஓலே பீ அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தார். வடக்கு வங்காளத்தில் அவுரித் தொழிற்சாலையில் இருந்த கேரி 1800 ஜனவரியில் வந்து சேர்ந்துகொண்டார். கல்கத்தாவில் கடன் வாங்கித் திருப்ப முடியாமல் ஓடிவந்தவர்களுக்கும் அதே ஊர்தான் புகலிடம். கடன்காரருக்கும் மதபோதகருக்கும் தேவைப்பட்டது ஒன்றே: பெருநகரத்திலிருந்து படகில் போய்வரும் தூரம், அதன் அதிகாரம் மட்டும் வராத இடம். செராம்பூரைக் கல்லூரி ஊராக்கியது இந்த இடைவெளிதான் என்பது என் வாதம்.

ஒதுங்கியிருந்ததால் அங்கே படிப்பு வளர்ந்தது என்று இதற்குப் பொருளல்ல. கல்கத்தா இல்லாவிட்டால் செராம்பூர் மிஷன் சீக்கிரமே பட்டினி கிடந்திருக்கும். 1801-இல் கேரி கல்கத்தாவின் ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் வங்காளம் கற்பிக்கும் வேலையில் சேர்ந்தார். மாதச் சம்பளம் 500 ரூபாய், பிறகு 1,000. வாரந்தோறும் படகேறிப் போய்ப் பாடம் நடத்திவிட்டுத் திரும்புவார். சம்பளத்தின் பெரும்பங்கு மிஷனின் பொதுப் பணத்தில் சேரும். தங்கள் மண்ணில் பிரசாரம் செய்யக் கூடாதென்று தடுத்த கம்பெனியே மாதாமாதம் அந்தப் பிரசாரத்துக்குப் படியளந்தது என்பது வரலாற்றின் குறும்பு. கைத்திறனும் கம்பெனியின் பட்டறையிலிருந்தே வந்தது. கம்பெனிக்காக சார்லஸ் வில்கின்ஸோடு வங்க அச்செழுத்து உருவாக்கிய பஞ்சானன் கர்மகார் செராம்பூருக்கு வந்தார். எஃகுத் துண்டின் முனையில் ஓர் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிச் செதுக்கி, அதைச் செம்பில் அறைந்து பள்ளமாக்கி, அந்தப் பள்ளத்தில் ஈயக் கலவை ஊற்றி எடுத்தால் ஓர் அச்செழுத்து. கூட்டெழுத்துகள் மலிந்த வங்காளத்துக்கும் நாகரிக்கும் இப்படி நூற்றுக்கணக்கில் வேண்டும். இந்த வேலையை மருமகன் மனோகருக்கும் பழக்கிவிட்டே பஞ்சானன் கண்மூடினார். 1812-இல் அச்சகம் தீப்பற்றி எரிந்தபோது, பிழைத்த அச்சுமூலங்களைக் கொண்டு, உருகிக் கிடந்த ஈயத்தையே அள்ளி மறுபடி எழுத்துகளை வார்த்தார்கள்.

‘டேனிஷ் கொடி என்ன பெரிய கேடயம்? ஆங்கிலேயர் 1801-இல் ஒருமுறை அந்த ஊரைப் பிடித்தார்கள். 1808 முதல் 1815 வரை மறுபடி வைத்திருந்தார்களே’ என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால், நெருக்கடி முற்றியது 1807-இல். அதற்கு முந்தைய ஆண்டு நடந்த வேலூர்ப் புரட்சிக்குப் பிறகு, மதத்தில் கைவைத்தால் சிப்பாய்கள் எழுவார்கள் என்ற அச்சம் கல்கத்தாவைப் பிடித்து ஆட்டியது. செராம்பூரில் அச்சான ஒரு பாரசீகத் துண்டுப்பிரசுரம் இஸ்லாத்தைப் பழிக்கிறது என்று சொல்லி, அச்சகத்தையே கல்கத்தாவுக்கு மாற்றும்படி மின்டோ பிரபுவின் அரசு உத்தரவிட்டது. டேனிஷ் ஆளுநர் கிரெஃப்டிங் தன் எல்லையில் இருக்கும் அச்சகத்தை விட்டுக்கொடுக்க மறுத்தார். அச்சிடுவதை முன்கூட்டிக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு உத்தரவு தளர்ந்தது. கொடிக்குப் பின்னால் படை பலம் எதுவும் கிடையாது. இரண்டு அரசுகளுக்கு இடையே கடிதம் போய்வரும் அவகாசத்தை மட்டும் அது வாங்கிக் கொடுத்தது. அன்றைக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1813 சட்டத்துக்குப் பிறகு மிஷனரிகள் ஆங்கிலேயர் பகுதியிலேயே உரிமம் பெற்றுக் குடியேறலாம். கல்லூரி வந்ததோ 1818-இல். அப்போது கொடியால் என்ன பயன்? அடைக்கலம் தேவைப்படாத காலத்தில் கொடி வேறொன்றைக் கொடுத்தது. 1827-இல் டென்மார்க் மன்னர் ஆறாம் ஃபிரெடரிக் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமையோடு சாசனம் அளித்தார். கல்கத்தாவுக்குப் பல்கலைக்கழகம் வந்தது அதற்கு 30 ஆண்டுகள் கழித்து, 1857-இல். பாரக்பூரில் இருந்த கவர்னர் ஜெனரலின் தோட்ட மாளிகைக்கு நேர் எதிரே, ஆற்றின் மறுகரையில், கல்கத்தாவில் எந்தக் கல்லூரிக்கும் இல்லாத உரிமையோடு உயர்ந்த தூண்கள் கொண்ட அந்தக் கட்டடம் நின்றது.

1845-இல் டென்மார்க் செராம்பூரையும் தரங்கம்பாடியையும் சேர்த்தே கம்பெனிக்கு விற்றது. 1854-இல் ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு ரயில் ஓடியது. மறு ஆண்டே பக்கத்து ரிஷ்ராவில் சணல் ஆலை புகைந்தது. படகும் வேற்றுக்கொடியும் காத்துவந்த தூரம் போய், செராம்பூர் கல்கத்தாவின் புறநகராகிவிட்டது. அங்கே பிறந்த ‘ஃபிரெண்ட் ஆஃப் இந்தியா’ பத்திரிகைகூட பின்னாளில் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மேன்’ இதழில் கரைந்தது. விற்பனை உடன்படிக்கை மட்டும் கல்லூரியின் சாசன உரிமையைக் காப்பாற்றித் தந்தது. நீண்ட காலம் பயன்படுத்தாமல் கிடந்த அந்த உரிமையை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தூசி தட்டி எடுத்தார்கள். 1918-இல் வங்காளச் சட்டமன்றம் இயற்றிய சட்டம் அதற்கு ஒரு செனட்டை அமைத்தது. மதுரை அரசரடியில் இறையியல் படித்து முடிப்பவர் கையில் வாங்கும் பட்டம் இன்றும் அந்தச் செனட்டின் பட்டம்தான்.