மணலில் புதைந்த கோல குபு

கோல குபு பாரு என்ற பெயரில் உள்ள ‘பாரு’ என்ற மலாய்ச் சொல்லுக்குப் புதியது என்று பொருள். புதிய ஊர் ஒன்று இருந்தால், பழைய ஊர் ஒன்று இருந்திருக்க வேண்டுமல்லவா? அது எங்கே போயிற்று? பிரேசர் மலைக்குப் போகும் வழியில் அந்த ஊரில் தேநீர் அருந்துகிறவர்கள் பலருக்கு இந்தக் கேள்வி எழுவதில்லை. பழைய ஊர் எங்கும் போகவில்லை. பக்கத்திலேயே, அம்பாங் பெச்சா என்னும் இடத்தில், ஆற்று மணலுக்கு அடியில் கிடக்கிறது.

அம்பாங் பெச்சா என்றால் உடைந்த அணை. ஈயம் கழுவுவதற்காக நீரைத் தேக்கி வைத்திருந்த பழைய அணை ஒன்று 1883ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் உடைந்தது. வெள்ளம் ஊரை அடித்துச் சென்றது. மாவட்டத்தின் ஆங்கில அதிகாரி செசில் ரேங்கிங்கும் அதில் மாண்டார். அணையைக் காத்து வந்த வெள்ளை முதலையை அவர் சுட்டதால்தான் அணை உடைந்தது என்று ஊர்மக்கள் ஒரு கதை சொல்வார்கள். கதை கிடக்கட்டும். அந்த வெள்ளத்துக்குப் பிறகும் மக்கள் அங்கேயே வீடு கட்டினார்கள், கடை வைத்தார்கள். ஆகவே ஊரைக் கொன்றது அணை அல்ல. பிறகு வந்த மணல்தான் கொன்றது.

அந்த மணல் வந்த விதத்தைப் பார்க்க வேண்டும். ஈயலம்பங்களில் குழாய் வழியே வேகமாகப் பாயும் நீரைக் கொண்டு மண்மேட்டைக் கரைப்பார்கள். கரைந்த சேற்றை பாலோங் எனப்படும் நீண்ட மரத்தொட்டியில் ஓடவிடுவார்கள். கனமான ஈய மணல் அடியில் தங்கிவிடும். மீதி மண்ணும் மணலும் நீரோடு போய்விடும். எங்கே போகும்? ஓடைக்கு, ஓடையிலிருந்து சிலாங்கூர் ஆற்றுக்கு. கைப்பிடி ஈயத்துக்குக் கூடை கூடையாக மண் கழிவதுதான் இந்தத் தொழிலின் இயல்பு. மலைச்சரிவில் வேகமாக ஓடும் ஆறு, கோல குபுவில் சமநிலத்தைத் தொட்டதும் தளர்ந்து, சுமந்து வந்ததை அங்கே இறக்கி வைத்தது. ஆற்றின் படுகை உயர்ந்தது. ஒரு காலத்தில் கரைக்குள் அடங்கிய மழைநீர், பிறகு அதே அளவு மழைக்கும் தெருவுக்குள் வந்தது. வெள்ளம் வடிந்தாலும் மணல் வடியவில்லை. வீடுகளும் கடைகளும் சிறிது சிறிதாக அதில் அமிழ்ந்தன.

இந்த ஊரைக் காப்பாற்ற முடியாது என்று கடைசியில் அரசாங்கமே முடிவு செய்தது. 1921ஆம் ஆண்டு மலாய் கூட்டு மாநிலங்களுக்கு நகரத் திட்ட அதிகாரியாக வந்த சார்ல்ஸ் ரீட், மேட்டு நிலத்தில் புது ஊருக்கு வரைபடம் தீட்டினார். குடியிருப்பும் கடைத்தெருவும் தனித்தனியே, நடுவில் பசுந்திடல் என்று அமைந்த பூங்கா நகரம் அது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் மக்கள் அங்கே குடிபெயர்ந்தனர். இன்று அதன் அழகைப் பாராட்டுகிறவர்கள், அது ஓர் அகதி ஊர் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஒவ்வொரு லம்பத்தையும் தனித்தனியே போய்ப் பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? ஒரு குழி, ஒரு பாலோங், கொஞ்சம் கலங்கல் நீர், அவ்வளவுதான். பாதிப்பு குழியின் ஓரத்தில் இல்லை. மைல்கணக்கில் கீழே, ஈயத்தால் ஒரு காசும் காணாதவன் வீட்டு வாசலில் இருந்தது. பல சிறு லம்பங்களின் மணல் ஒரே ஆற்றில் சேர்ந்தபோது, எவர் மணல் எவர் வீட்டை மூடியது என்று யாரால் சொல்ல முடியும்?

சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டைக் கட்டாயமாக்கிய 1987ஆம் ஆண்டு ஆணை, புதிய இடங்களில் 250 ஹெக்டருக்கு மேற்பட்ட சுரங்கக் குத்தகைகளுக்கே அதைக் கேட்டது. அதாவது 600 ஏக்கருக்கும் மேல். கோல குபுவின் அனுபவத்தோடு ஒப்பிட்டால், இது தவறான இடத்தில் வைத்த அளவுகோல். ஏக்கரை அளந்தால் ஆற்றின் சுமை தெரியாது. 2015ஆம் ஆண்டு அந்த ஆணைக்குப் பதிலாகப் புதிய ஆணை வந்தது.

ஈயக்காலம் முடிந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கு வீடுகளின் குழாய்களில் வரும் நீரில் பெரும்பகுதி இன்று அதே சிலாங்கூர் ஆற்று நீர்தான். அதற்காகக் கோல குபு பாருவுக்கு மேலே ஓர் அணையும் எழுந்திருக்கிறது.