இடம் தேடிய கம்பி

1958 அக்டோபர் 8. ஸ்டாக்ஹோம் அருகே கரோலின்ஸ்கா மருத்துவமனையில், ஆர்னே லார்சன் என்பவரின் வயிற்றுக்குள் ஒரு சிறு வில்லை வைக்கப்பட்டது. பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட் அதை ஷூ பாலிஷ் டப்பாவில் ரெசின் ஊற்றி வார்த்திருந்தார். அதன் கம்பிகளை அறுவை மருத்துவர் ஓகே சென்னிங் இதயத்தின் மேல் தைத்தார். உடலுக்குள் வைத்த அந்த முதல் பேஸ்மேக்கர் சில மணி நேரமே ஓடியது. லார்சனோ இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு, அவ்விருவருக்கும் பின்னரும் உயிரோடிருந்து 2001இல்தான் காலமானார்.

துடிப்பு குறைந்த இதயத்தைத் தட்டி ஓட்டுவதுதான் கருவியின் முதல் வேலை. பிறகு நெஞ்சைத் திறக்காமலே, ரத்தக்குழாய் வழியாக வலது கீழறைக்குள் கம்பி இறங்கியது. சிக்கலும் அங்கேதான் இருந்தது. வலதுபக்கம் முதலில் சுருங்க, இடதுபக்கம் பிந்திச் சுருங்கும். விசைத்தறியில் நாடா ஒரு கணம் பிந்தினால் நூல் அறுந்துபோவது பள்ளிப்பட்டுப் பக்கத்து நெசவாளிகளுக்குத் தெரியும். இதயத்துக்கும் நேரம் தவறக்கூடாது. ஓயாமல் வலது கீழறையைத் தூண்டினால் சிலருக்கு இதயமே பலவீனமாகிறது என்று 2002இல் வெளியான டேவிட் ஆய்வு காட்டியது.

இந்தக் கோளாறு கருவியில்லாமலும் வரும். இடதுபக்கம் செல்லும் மின்பாதை அடைபட்டால் (இடது கிளைத் தடை) ஈசிஜி அலை அகலமாகும். பம்பிங் குறையும், கால் வீங்கும், படுத்தால் மூச்சு வாங்கும். 1994இல் பிரான்சில் செர்ஜ் காஸோ குழு, அப்படியொரு நோயாளிக்கு இடது கீழறையிலும் கம்பி வைத்தது. ஆறு வாரத்தில் அவர் எடை 17 கிலோ குறைந்தது. பெரும்பகுதி உடலில் தேங்கிய நீர். 2001இல் அமெரிக்கா இரு கீழறைகளையும் தூண்டும் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி தந்தது. ஆனால் விலை அதிகம். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பலனும் சரியாகக் கிட்டவில்லை.

2017இல் சீனாவின் வென்ஜோவிலிருந்து ஹுவாங் வெய்ஜியான் குழு வேறு வழி சொன்னது. இரு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரைத் துளைத்து, இதயத்தின் சொந்த மின்பாதையையே, அதுவும் அடைப்பைத் தாண்டிய இடத்தில், தொடுவது. தமிழ்நாட்டில் மதுரை வேலம்மாள் மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் சண்முகசுந்தரம் பொன்னுசாமி இதில் பல ஆய்வுகளை வெளியிட்டிருக்கிறார். ஒன்றரை மில்லிமீட்டர்கூடத் தடிமனில்லாத கம்பியை மருத்துவர் திருகத் திருக, திரையில் ஈசிஜி அலையின் வடிவம் மாறும். அதைப் பார்த்தே முனை எங்கே நிற்கிறது என்று கணிக்கிறார்கள். பெரும்பாலும் சாதாரண பேஸ்மேக்கரே போதும் என்பதால் செலவும் குறைகிறது.

   

பம்பிங் குறைந்த எல்லோருக்கும் இந்தச் சிகிச்சை பயன்படாது. மாத்திரைகளைச் சரியாக எடுத்தும் பம்பிங் 35 சதவீதத்தைத் தாண்டாமல், ஈசிஜியில் இடது கிளைத் தடையும் இருப்பவர்களுக்கே அதிகப் பலன். பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணிக்கோ, சென்னைக்கோ, வேலூருக்கோ, திருப்பதிக்கோ எங்கே காட்டப் போனாலும் பழைய ஈசிஜி, எக்கோ தாள்களைக் கையோடு கொண்டுபோங்கள். "இடது கிளைத் தடை இருக்கிறதா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.